தூளிக் கொக்கியில் ஒரு பொம்மை உறி: குரோஷாவில் பின்னும் முறை

எங்கள் வீட்டுக் கூடத்தில் மேலே ஒரு இரும்புக் கொக்கி இருக்கிறது. மகளுக்கு ஒன்றரை வயது ஆகும் வரை என் அம்மாவின் பழைய நூல் புடவையில் தூளி கட்டியது அதில்தான். தூளியை அவிழ்த்த பிறகு கொக்கி சும்மாதான் இருந்தது, அதற்கு நேர் கீழே தரை முழுக்கப் பொம்மைகள். அட்டைப்பெட்டி, பிளாஸ்டிக் கூடை, மூடி போட்ட டப்பா என்று எல்லாம் வைத்துப் பார்த்தேன். பெட்டிக்குள் போன பொம்மை கண்ணில் படாது, அது வேண்டும் என்றால் பெட்டியையே கவிழ்த்தால்தான் கிடைக்கும், அதனால் ஒரு கரடி பொம்மைக்காக நாற்பது சாமான் தரைக்கு வரும். அப்போதுதான் பாட்டி வீட்டு உறி ஞாபகம் வந்தது. உள்ளே இருப்பது வெளியே தெரியும், தரையில் இடம் பிடிக்காது, ஆடினாலும் கொட்டாது. ஒரே ஒரு மாற்றம்தான்: தயிர்ப் பானை பூனைக்கும் பிள்ளைகளுக்கும் எட்டக் கூடாது என்று உறியை உயரத்தில் கட்டினார்கள், பொம்மை உறியைக் குழந்தையின் கைக்கு எட்டும்படி தாழ்வாகக் கட்ட வேண்டும். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துத்தான் கீழே உள்ள அளவுகள் எல்லாம் போட்டிருக்கிறேன்.

செயின், சிங்கிள், டபுள் மூன்றும் போடத் தெரிந்தால் போதும். இரண்டு மூன்று மாலைப் பொழுதில் முடியும்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம், ஏனென்றால் வீடியோ பார்த்துக் கற்றவர்கள் பலரும் தடுக்கி விழும் இடம் இது. நான் சொல்வது அமெரிக்க முறைப் பெயர்கள். அமெரிக்கர்கள் சிங்கிள் என்று சொல்வதை இங்கிலாந்தில் டபுள் என்பார்கள், அமெரிக்க டபுள் அங்கே ட்ரெபிள் ஆகிவிடும். அதனால் பெயரை விட்டுவிட்டுச் செய்முறையைப் பாருங்கள். சிங்கிள் என்றால் ஊசியை உள்ளே விட்டு நூலை இழுத்து, ஊசியில் இருக்கும் இரண்டு வளையத்தையும் ஒரே இழுப்பில் கழற்றுவது. டபுள் என்றால் முதலிலேயே ஊசியில் நூலை ஒரு சுற்று போட்டுக்கொண்டு உள்ளே விட்டு இழுத்து, ஊசியில் வரும் மூன்று வளையங்களையும் இரண்டு இரண்டாகக் கழற்றுவது.

நூல்

நான் முதலில் பின்னியது வீட்டில் மிச்சம் இருந்த உல்லன் நூலில். உல்லன் என்று பெயர்தானே தவிர அது அக்ரிலிக். பார்க்க அழகாக, பல வண்ணமாக வந்தது. பொம்மைகளைப் போட்டு மாட்டி ஒரு வாரத்தில் உறி நீண்டு நீண்டு அடிப்பக்கம் தரையைத் தொட்டுவிட்டது. அக்ரிலிக் பாரம் தாங்கினால் இழுபடும், இழுபட்டது பழைய அளவுக்குத் திரும்பாது. ஸ்வெட்டருக்கும் போர்வைக்கும் அது சரி, தொங்கும் சாமானுக்குச் சரிப்படாது. திருப்பூர்ப் பனியன் துணிக் கழிவில் வெட்டி வரும் பட்டையான நூல் இன்னும் மோசம், பனியன் துணிக்கே இழுபடும் குணம்தானே, தரையில் வைக்கும் கூடை பின்ன அதை வைத்துக்கொள்ளுங்கள். சணல் உறுதியானது, ஆனால் நார் உதிரும், மழைக்காலத்தில் ஈர வாடை வரும், குழந்தையின் உள்ளங்கையில் உறுத்தும். நைலான் கயிறு வழவழப்பாக இருப்பதால் நுனி எவ்வளவு சொருகினாலும் உருவிக்கொண்டு வெளியே வரும்.

எனக்குச் சரியாக அமைந்தது 3 மி.மீ. கனமுள்ள பருத்திக் கயிறு, கடையில் மேக்ரமே காட்டன் என்று கேட்டால் தருவார்கள். ஒற்றை முறுக்கில் பஞ்சு பஞ்சாகப் பிரிவது வேண்டாம், மூன்று புரி சேர்த்து இறுக்கி முறுக்கியதையோ பின்னியதையோ வாங்குங்கள். 150 மீட்டர் வேண்டும். எடைக்கு விற்கும் இடத்தில் முக்கால் கிலோ வாங்கினால் கொஞ்சம் மிஞ்சலாம், மிஞ்சட்டும், நடுவில் தீர்ந்து அதே சாயம் கிடைக்காமல் அலைவதை விட அது நல்லது. வண்ண நூல் என்றால் ஒரு துண்டை வெட்டி வெந்நீரில் நனைத்து வெள்ளைத் துணியில் வைத்து அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அந்த நூல் வேண்டாம், குழந்தை இதை நிச்சயம் வாயில் வைக்கும்.

ஊசி 6 மி.மீ. வாய் திறப்புக்கு எம்ப்ராய்டரி போடும் மரச் சட்டத்தின் உள்வளையம், 10 அங்குலம், அதாவது 25 செ.மீ. குறுக்களவு. திருகு உள்ள வெளிவளையம் வேண்டாம், திருகு கையைக் கீறும். மேலே கோத்து மாட்ட 4 அல்லது 5 செ.மீ. அளவில் கனமான இரும்பு வளையம் ஒன்று, பற்றவைத்து மூடியதாக இருக்க வேண்டும், சாவிக்கொத்து வளையம் பாரத்தில் விரிந்துவிடும். அடையாளத்துக்கு ஒரு ஊக்கு. அவ்வளவுதான்.

அடிப்பாகம்

இணையத்தில் பார்க்கும் பல வலைகள் அடி முதல் நுனி வரை வலையாகவே இருக்கும். வெங்காயம் போட்டு வரும் வலைப்பையை நினைத்துப் பாருங்கள், எல்லாப் பாரமும் நடுவில் ஒரு புள்ளிக்கு வந்து கூம்பிவிடும், அடியில் மாட்டிய பொம்மையை எடுக்கவே முடியாது. அதனால் அடியைத் தட்டுப் போல் அடைத்துப் பின்னுங்கள்.

5 செயின் போட்டு முதல் செயினோடு ஸ்லிப் ஸ்டிச்சில் இணைத்து வளையமாக்குங்கள். ஸ்லிப் ஸ்டிச் என்றால் ஊசியை உள்ளே விட்டு இழுத்த நூலை, ஊசியில் இருக்கும் வளையத்தின் வழியாகவும் அப்படியே இழுத்துவிடுவது. மேஜிக் ரிங் தெரிந்தவர்களும் இதற்கு அதைப் போட வேண்டாம், கனமான கயிற்றில் அது இறுகாது. 3 செயின் போடுங்கள், அது முதல் டபுளாகக் கணக்கு. வளையத்துக்குள் இன்னும் 11 டபுள், மொத்தம் 12, மூன்றாம் செயினில் இணைத்து முடியுங்கள். ஒவ்வொரு சுற்றையும் இப்படியே 3 செயினில் தொடங்கி ஸ்லிப் ஸ்டிச்சில் முடிக்க வேண்டும். இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு தையலிலும் இரண்டு டபுள், 24 வரும். மூன்றாம் சுற்றில் ஒன்றில் ஒன்று, அடுத்ததில் இரண்டு என்று மாறி மாறி, 36. நான்காம் சுற்றில் இரண்டு தையலுக்கு ஒவ்வொன்று, மூன்றாவதில் இரண்டு, 48. ஐந்தாவதில் மூன்றுக்கு ஒவ்வொன்று, நான்காவதில் இரண்டு, 60. ஆறாவதில் நான்குக்கு ஒவ்வொன்று, ஐந்தாவதில் இரண்டு, 72. சுற்றுக்குப் பன்னிரண்டு கூடும், கணக்கு அவ்வளவுதான். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் எண்ணுங்கள், இங்கே 71 வந்தால் பின்னால் வலைக் கணக்கு இடிக்கும்.

மூன்றாம் சுற்று முடிந்ததும் தரையில் வைத்துப் பாருங்கள். ஏறக்குறைய 10 செ.மீ. அகலத்தில் தட்டையாக உட்கார வேண்டும். விளிம்பு கிண்ணம் போல் மேலே தூக்கினால் கை இறுக்கம், ஊசியை அரை மி.மீ. பெரிதாக்குங்கள். அப்பளம் பொரித்தது போல் நெளிந்தால் கை தளர்வு, அல்லது எங்கோ ஒரு தையல் கூடுதலாகப் போட்டிருக்கிறீர்கள். ஆறு சுற்றும் முடிந்தால் 20 செ.மீ. தட்டு ஒன்று கையில் இருக்கும்.

வலை

ஆறாம் சுற்றை இணைத்த பிறகு, அதே தையலில் ஒரு சிங்கிள். 5 செயின் போட்டு, மூன்று தையலை விட்டு, நான்காவதில் ஒரு சிங்கிள். மறுபடி 5 செயின், மூன்று விட்டு, சிங்கிள். இப்படிப் பதினேழு கண்ணிகள் வந்ததும் மூன்று தையல் மிஞ்சி, தொடங்கிய சிங்கிளுக்குப் பக்கத்தில் வந்து நிற்பீர்கள். இங்கே இணைத்து முடிக்க வேண்டாம். 5 செயின் போட்டு நேராக முதல் கண்ணிக்குத் தாவி அதில் ஒரு சிங்கிள் போடுங்கள், அதுதான் பதினெட்டாவது. அந்தக் கண்ணியில் ஊக்கை மாட்டிவிட்டு அப்படியே சுற்றிக்கொண்டு போங்கள்: 5 செயின், அடுத்த கண்ணியில் சிங்கிள், 5 செயின், அடுத்த கண்ணியில் சிங்கிள். ஊக்கு வரும்போதெல்லாம் ஒரு சுற்று. எப்போது எண்ணினாலும் சுற்றுக்குப் பதினெட்டுக் கண்ணி இருக்க வேண்டும். மொத்தம் பத்துச் சுற்று.

இங்கே கொஞ்சம் நிதானமாக ஒரு விஷயம் சொல்ல வேண்டும், உறி நாள்பட உழைப்பது இதைப் பொறுத்துத்தான். சிங்கிளைக் கண்ணிக்குள் போடு என்றால் பெரும்பாலோர் ஊசியைக் கண்ணியின் அடியில் இருக்கும் பெரிய ஓட்டை வழியாக விட்டுச் செயினைச் சுற்றிப் போட்டுவிடுவார்கள். வேகமாக வரும், பார்க்கவும் ஒழுங்காக இருக்கும். ஆனால் அந்தச் சிங்கிள் செயினின் மேல் வழுக்கும். சன்னல் திரைக்கு அது பரவாயில்லை, பொம்மை உறியில் குழந்தை ஒரு பொம்மையின் காலைப் பிடித்து வலை வழியாக இழுக்கும், நாய்க்குட்டியின் காது ஒரு கண்ணியில் மாட்டும், ஒவ்வொரு இழுப்புக்கும் சிங்கிள் நகர்ந்து நகர்ந்து ஒரு கண்ணி சுருங்கிப் பக்கத்துக் கண்ணி உள்ளங்கை அகலத்துக்குத் திறந்துகொள்ளும், பிறகு அந்த ஓட்டை வழியாகவே எல்லாம் வெளியே வரும். இதற்கு வழி, ஐந்து செயினில் நடுவில் இருக்கும் மூன்றாவது செயினைத் தேடி, அந்தச் செயினையே குத்தி அதற்குள் சிங்கிள் போடுவது. மீன்வலையில் ஒவ்வொரு கண்ணியிலும் முடிச்சு விழுவது எதற்கோ அதற்குத்தான் இதுவும், கண்ணி இடம் மாறக் கூடாது. முதல் சுற்றில் விரல் வலிக்கும், செயினைக் கொஞ்சம் தளர்வாகப் போட்டால் ஊசி எளிதாக இறங்கும். பத்துச் சுற்றும் இப்படியே போடுங்கள், சோம்பல்பட்டு நடுவில் ஒரு சுற்றை மட்டும் வழுக்கும்படி விட்டால் ஓட்டை சரியாக அந்தச் சுற்றில்தான் விழும்.

புது நூல் சேர்ப்பது சிங்கிள் போடும் இடத்தில் மட்டும். செயினின் நடுவில் முடிச்சு வந்தால் அது துருத்திக்கொண்டு நிற்கும், குழந்தையின் விரல் முதலில் தேடிப் போவதும் அங்கேதான். இரண்டு நுனியிலும் 15 செ.மீ. விட்டுவிடுங்கள்.

வாய் வளையமும் பட்டைகளும்

பத்துச் சுற்று முடிந்ததும் மர வளையத்தை வலையின் மேல் விளிம்போடு சேர்த்துப் பிடியுங்கள். ஊசியைக் கண்ணிக்குள் விட்டு நூலை இழுத்து, வளையத்தின் மேல் கொண்டுவந்து சிங்கிளை முடியுங்கள், வளையம் தையலுக்குள் அடைபட்டுவிடும். இங்கே மட்டும் கண்ணியைச் சுற்றிப் போடலாம், வளையம் பிடித்துக்கொள்ளும். ஒரு கண்ணிக்கு ஐந்து சிங்கிள் வீதம் பதினெட்டுக் கண்ணிக்கு 90. வளையத்தின் சுற்றளவு 78 செ.மீ.க்குச் சற்றே அதிகம், 90 தையல் அதை மரம் தெரியாமல் மூடிவிடும். அங்கங்கே மரம் எட்டிப் பார்த்தால் விரலால் தையலைத் தள்ளிச் சமப்படுத்துங்கள். முதல் சிங்கிளோடு இணையுங்கள், நூலை வெட்ட வேண்டாம்.

அந்த 90 தையலின் மேல் இன்னொரு சுற்று சிங்கிள் போட்டுக்கொண்டே மூன்று பட்டைகளையும் எழுப்பலாம். 30 சிங்கிள் போடுங்கள். 40 செயின் போடுங்கள். இரும்பு வளையத்தைச் சுற்றி இரண்டு சிங்கிள் போட்டு, திரும்பி, அந்த 40 செயினிலும் ஒவ்வொரு சிங்கிளாகப் போட்டுக்கொண்டே இறங்குங்கள், அடியில் வாய் விளிம்பில் ஒரு ஸ்லிப் ஸ்டிச். வெறும் செயினை மட்டும் பட்டையாக விட்டால் ரப்பர் போல் இழுபடும், திரும்பி வரும் சிங்கிள்தான் அதை நிறுத்துகிறது. மறுபடி 30 சிங்கிள், பட்டை, 30 சிங்கிள், பட்டை. மூன்றும் ஒரே இரும்பு வளையத்துக்குப் போக வேண்டும், போகும்போது முறுக்கிக்கொள்ளவில்லையா என்று ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டையின் செயினை எண்ணிப் போடுங்கள், கண் அளவுக்கு விட்டால் ஒன்று நீளமாகி வாய் சாய்ந்துவிடும்.

கடைசி வேலை நுனிகளை மறைப்பது. கனமான கயிற்றில் ஒரே திசையில் சொருகிய நுனி இரண்டு வாரத்தில் வெளியே வந்துவிடும். ஒரு பக்கம் சொருகி, திரும்பி எதிர்ப்பக்கம் சொருகி, மறுபடி திரும்பிச் சொருகுங்கள், அப்புறம் அதே நிறத் தையல் நூலால் நாலைந்து குத்துக் குத்தித் தைத்துவிடுங்கள். குஞ்சம், மணி, பாசி என்று அழகுக்கு எதுவும் தொங்கவிட வேண்டாம். பிய்ந்து வந்தால் அவை போகும் இடம் குழந்தையின் வாய்.

மாட்டுவது

மாட்டுவதற்கு முன் ஒரு சோதனை. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டை உள்ளே வைத்து ஒரு இரவு முழுக்கத் தொங்கவிடுங்கள், அது இரண்டு கிலோ. காலையில் வலை கொஞ்சம் நீண்டிருக்கும், பருத்தியும் முதல் முறை இடம் கொடுக்கும், அதற்குப் பிறகு அப்படியே நிற்கும். பட்டைகளில் ஏதாவது ஒன்று மட்டும் நீண்டிருந்தால் இப்போதே பிரித்து நான்கைந்து செயின் குறைத்துப் போடுங்கள். வாய் வளையத்தின் உயரத்தை இதற்குப் பிறகுதான் அளக்க வேண்டும்.

நான்கு வயதுக் குழந்தைக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம் இருக்கும். வாய் வளையம் அதன் நெஞ்சு உயரத்தில், தரையிலிருந்து 75 செ.மீ. அளவில் இருந்தால், தானே எட்டிப் பார்த்துத் தானே எடுக்கலாம், தானே திரும்பப் போடவும் செய்யும். நம் கைக்கு வாகாக இருக்கிறதே என்று உயர்த்திக் கட்டிவிட்டால் ஒவ்வொரு பொம்மைக்கும் உங்களைத்தான் கூப்பிடும், அல்லது நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறும். உறிக்குப் பக்கத்தில் கட்டில், சோபா, நாற்காலி எதுவும் இருக்க வேண்டாம். இரும்பு வளையத்திலிருந்து மேல் கொக்கி வரைக்கும் குரோஷாக் கயிறு வேண்டாம், கடையில் வாங்கிய கனமான நூல் கயிறு போதும்.

தூளி தொங்கிய கொக்கி குழந்தையின் பாரத்தைத் தாங்கியது, அதனால் அதுதான் முதல் தேர்வு. இது முக்கியம், ஏனென்றால் என்றாவது ஒரு நாள் குழந்தை வளையத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கும். திரைச்சீலைக் கம்பி அதைத் தாங்காது, ஒட்டும் கொக்கிகள் பொம்மைகளின் பாரத்தையே தாங்காது. வாடகை வீடு, மேலே துளை போட முடியாது என்றால், தரை வரை இறங்கும் ஜன்னலின் கம்பியில் தாழ்வாக மாட்டலாம். உயரமான ஜன்னலில் வேண்டவே வேண்டாம், பொம்மைக்காகக் கம்பியில் ஏறக் கற்றுக்கொண்டுவிடும்.

மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தை இருக்கும் வீட்டில் இதைக் குழந்தைக்கு எட்டும்படி மாட்டாதீர்கள். பட்டைகளுக்கு நடுவில் தலை நுழையும் இடைவெளி இருக்கிறது, அந்த வயதில் நுழைந்த தலையைத் தானே வெளியே எடுக்கத் தெரியாது. தொட்டில், கட்டிலுக்கு மேலேயும் எந்த வயதிலும் வேண்டாம். பெரிய குழந்தைக்கும், ஆள் இருக்கும் கூடத்தில், கண் பார்வையில் இருப்பதுதான் நல்லது.

எதைப் போடலாம் என்பதற்கும் ஒரு அளவு இருக்கிறது. மூன்று வயதுக்குக் குறைந்தவர்களின் பொம்மையில் விழுங்கிவிடக்கூடிய சிறு பாகம் எது என்று அமெரிக்காவில் சோதிக்கும் குழாயின் விட்டம் 31.7 மி.மீ., அதற்குள் அடங்குவது எல்லாம் தொண்டையில் சிக்கக்கூடியது. நம் வலையின் கண்ணி பாரத்தில் விரியும்போது ஏறக்குறைய அதே அளவுக்கு வரும். ஆக, கண்ணி வழியாக நழுவிக் கீழே விழும் சாமான்தான் தவழும் தம்பி, தங்கை கையில் கிடைக்கக் கூடாத சாமானும். செப்புச் சாமான், கோலி, சின்ன பிளாக்குகள், பொம்மைக் காரிலிருந்து கழன்ற சக்கரம் எல்லாம் மூடி போட்ட டப்பாவில் அலமாரிக்குப் போகட்டும். உறிக்குத் துணிப் பொம்மை, பந்து, பெரிய கார், மரக் குதிரை. மொத்தம் இரண்டு மூன்று கிலோவுக்கு மேல் வேண்டாம். வாய்க்கு மேல் குவியும் அளவுக்குப் பொம்மை இருந்தால் இரண்டாவது உறி பின்னுவதை விட, பாதியை எடுத்துப் பரணில் வைத்து மாதம் ஒருமுறை மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள், பழைய பொம்மை புதுப் பொம்மையாகத் திரும்பி வரும்.

துவைக்க, வாளியில் பச்சைத் தண்ணீரும் கொஞ்சம் சோப்பும் போட்டு வலைப் பகுதியை மட்டும் அலசுங்கள், மர வளையத்தை ஊறவிட்டால் பூஞ்சை பிடிக்கும். பிழியாமல் துண்டில் சுற்றி அழுத்தித் தண்ணீரை எடுத்து, மொட்டை மாடியில் விரித்துக் காயப் போடுங்கள். ஈரத்தோடு தொங்கவிட்டால் தண்ணீர் பாரத்திலேயே நீண்டுவிடும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொக்கியையும் பட்டைகள் இரும்பு வளையத்தில் உரசும் இடத்தையும் பாருங்கள், நூல் தேயத் தொடங்குவது அங்கேதான். மகளின் உயரத்தைச் சுவரில் பென்சிலால் கோடு போடும் பழக்கம் எங்கள் வீட்டில் உண்டு, கோடு போடும் அன்றே ஏணியில் ஏறிக் கொக்கியைப் பார்த்துவிட்டு, உறிக் கயிற்றையும் ஒரு முடிச்சு ஏற்றிக் கட்டிவிடுவேன்.